நீர்த்தெளிப்புத் திடலுக்கு எந்த நீரமைப்பு? குழந்தைகளின் நலனை முன்வைத்து ஓர் ஒப்பீடு

பொதுப் பூங்காவில் நீர்த்தெளிப்புத் திடல், அதாவது ஸ்பிளாஷ் பேட் அமைக்கத் திட்டமிடும் குழுக்கள் பெரும்பாலும் வண்ணக் குடைகள், வளையங்கள், தரையிலிருந்து நீர் பீச்சும் முனைகள் ஆகியவற்றின் படங்களை வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்குகின்றன. அந்தத் திடல் பல ஆண்டுகள் பாதுகாப்பாக இயங்குமா என்பதோ, குழந்தையின் மேல் விழுந்த நீர் வடிகாலில் இறங்கிய பிறகு எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. அந்நீர் நேராகக் கழிவுநீர்க் குழாய்க்குப் போகலாம், தோட்டத்துக்குப் பாயலாம், அல்லது நிலத்தடித் தொட்டியில் சேர்ந்து, வடிகட்டப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டு, மீண்டும் குழந்தைகளின் மேலேயே பீச்சப்படலாம். இம்மூன்றில் எதைத் தேர்வது என்ற முடிவு முதலில் எடுக்கப்பட வேண்டியது. நடைமுறையில் அது பல இடங்களில் உபகரணம் விற்பவரின் விருப்பத்துக்கே விடப்பட்டுவிடுகிறது.

நீச்சல் குளத்தைவிட இது பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தேங்கிய நீர் இல்லாததால் மூழ்கும் ஆபத்து ஏறக்குறைய இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதே காரணத்தைக் காட்டி, நீர் தேங்காத இடம் குளம் ஆகாது என்று பல ஊர்களின் சட்டங்கள் இத்திடல்களைக் குளங்களுக்கான விதிகளிலிருந்து விலக்கி வைத்திருந்தன. சில இடங்களில் இன்றும் வைத்திருக்கின்றன. நோய்த்தொற்றுக்கு நீரின் ஆழம் ஒரு பொருட்டே அல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையமான சிடிசி தொகுத்த கணக்கின்படி, 1997 முதல் 2022 வரை அந்நாட்டில் இத்திடல்களோடு தொடர்புடைய 60 நோய்ப் பரவல்கள் பதிவாகின. 10,611 பேர் நோயுற்றனர், 152 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நோயுற்றோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒரே ஒட்டுண்ணி காரணமாக இருந்த பரவல்களில் அகப்பட்டவர்கள்.

இந்த நீர் ஏன் இவ்வளவு விரைவில் மாசுபடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மூன்று வழிகளையும் சரியாக எடைபோட முடியும். இங்கு விளையாட வருவோரில் பெரும்பாலோர் டயப்பர் அணியும் வயதினர். அவர்கள் நீர்முனையின் மேலேயே உட்கார்ந்துகொள்வார்கள். பீச்சும் நீர் டயப்பருக்குள் புகுந்து கழுவிக்கொண்டு வடிகாலுக்கு இறங்கும். அடுத்த கணமே இன்னொரு குழந்தை அதே முனையில் வாய் வைத்துக் குடிக்கும். குளத்தில் இறங்கும் ஒருவரின் உடலிலிருந்து சராசரியாக 0.14 கிராம் மலம் நீரில் கலக்கிறது என்றும், சிறு குழந்தைகளிடம் அது 10 கிராம் வரை போகக்கூடும் என்றும் நீர்ச் சுகாதாரத் துறையினர் கணக்கிடுகிறார்கள். பெரிய நீச்சல் குளத்தில் அந்த அழுக்கு சில லட்சம் லிட்டர் நீரில் நீர்த்துப்போகும். திடலின் நிலத்தடித் தொட்டியிலோ சில ஆயிரம் லிட்டர்தான் இருக்கும். இதற்குமேல், நீர் துளித்துளியாகச் சிதறி வெயிலிலும் காற்றிலும் படுவதால், அதில் கலந்த குளோரின் குளத்து நீரில் குறைவதைவிட வேகமாகக் குறைகிறது.

கிருமிகளைக் குளோரின் கொல்லும் வேகமும் ஒரே மாதிரியானதல்ல. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சரியான நிலையில் இருந்தால் ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் செத்துப்போகும். ஹெப்படைடிஸ் ஏ வைரசுக்கு 16 நிமிடங்கள் ஆகும். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கு 45 நிமிடங்கள். அதே அளவு குளோரினில் கிரிப்டோஸ்போரிடியம் பத்து நாட்களுக்கு மேல் உயிரோடு இருக்கும். அதன் கடினமான உறை 4 முதல் 6 மைக்ரான் அளவே உடையது என்பதால் சாதாரண மணல் வடிகட்டியிலும் அது நழுவிவிடும். நோயுற்ற ஒருவர் ஒரு முறை மலம் கழிக்கும்போதே 1 கோடி முதல் 10 கோடி வரையான கிருமி உறைகள் வெளியேறலாம். பத்து உறைகள் வயிற்றுக்குள் போனாலே புதிதாக ஒருவரை நோயாளியாக்கப் போதும். ஆகவே, ‘குளோரின் போடுகிறோம், கவலை வேண்டாம்’ என்ற பதிலை எந்தக் குழுவும் முழுமையான பதிலாக ஏற்கக் கூடாது.

சுழற்சி முறை

பயன்படுத்திய நீரையே சுத்திகரித்து மீண்டும் பீச்சும் முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதன்மையான வாதம் நீர்ச் சிக்கனம். அது எளிதில் ஒதுக்கக்கூடிய வாதமல்ல. நிமிடத்துக்கு 300 லிட்டர் பீச்சும் ஒரு திடல் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 1,44,000 லிட்டர் செலவாகும். குடிநீருக்கே மக்கள் வரிசையில் நிற்கும் ஓர் இடத்தில் இவ்வளவு நீரை விளையாட்டுக்காகச் சாக்கடையில் விடுவதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆயினும் சுழற்சி முறையிலும் நீர்ச் செலவு உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்: ஆவியாவது, காற்றில் அடித்துச் செல்லப்படுவது, வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவ விடுவது, தொட்டியை அவ்வப்போது முழுவதும் காலி செய்வது எல்லாம் சேர்ந்தால் அது விளம்பரத்தில் காட்டப்படும் அளவைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இம்முறை கேட்கும் கவனிப்போ மிகப் பெரியது. அது தவறிய இடங்களில் என்ன நடந்தது என்பது பதிவாகியுள்ளது. 1999இல் ஃபுளோரிடாவில் ஒரு கடற்கரைப் பூங்காவின் நீரூற்றில் விளையாடியவர்களுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியாவும் கிரிப்டோஸ்போரிடியமும் தொற்றின. அங்கே நீர் நிலத்தடித் தொட்டியிலிருந்து வடிகட்டப்படாமலேயே திரும்பி வந்தது. ஏழு முதல் பத்து நாட்களில் கரைந்து தீரும் குளோரின் மாத்திரைகள் தீர்ந்த பின் மாற்றப்படவில்லை. 2005இல் நியூயார்க் மாநிலத்தின் செனகா ஏரிப் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர்; தொட்டி நீரிலேயே கிரிப்டோஸ்போரிடியம் கண்டறியப்பட்டது. அதன் பிறகே அம்மாநிலம் நீர்த்தெளிப்புத் திடல்களுக்கெனத் தனி விதிகளை வகுத்துப் புற ஊதாக் கதிர்ச் சுத்திகரிப்பைக் கொண்டுவந்தது. 2021இல் கான்சாஸ் மாநிலத்தின் ஒரு வனவிலங்குப் பூங்காவில் ஷிகெல்லாவும் நோரோவைரசும் பரவின. விசாரணையில் தெரிந்தவை மூன்று: இரவில் தொட்டி நீர் சுழற்சியும் வடிகட்டலும் குளோரினும் இல்லாமல் அப்படியே கிடந்தது, குளோரின் அளவைத் தானாக அளந்து சீராக்கும் கருவி இல்லை, ஊழியர் எவரும் முறையான இயக்கப் பயிற்சி முடித்ததற்குச் சான்று இல்லை. இந்த மூன்று குறைகளில் ஒன்றுகூட விசித்திரமானதல்ல என்பதுதான் எனக்குப் பெருங்கவலை தருகிறது. எந்தப் பூங்காவிலும், எந்த வாரத்திலும் நேரக்கூடியவை இவை.

சுழற்சி முறையைத் தேர்பவர்கள் வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது புற ஊதாக் கதிர்க் கருவி இருக்கும் இடத்தை. இந்த அமைப்பில் இரண்டு நீர்ப்பாதைகள் உண்டு. ஒன்றில் தொட்டி நீர் வடிகட்டிக்குப் போய்த் தொட்டிக்கே திரும்பும். மற்றொன்றில் அதே தொட்டியிலிருந்து நீர் பீச்சுமுனைகளுக்குப் போகும். செலவைக் குறைக்கப் பலர் கருவியை வடிகட்டிப் பாதையில் மட்டும் பொருத்துகிறார்கள். அப்போது சுத்தமான நீர் தொட்டியிலுள்ள அழுக்கு நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், தொட்டியின் முழுக் கொள்ளளவும் ஒரு முறை சுற்றி முடிந்தாலும் நீரில் ஏறக்குறைய 63 விழுக்காடு மட்டுமே கருவியைக் கடந்திருக்கும். மூன்று சுற்றுகள் முடிந்த பிறகும் 5 விழுக்காடு கடக்காமல் மிஞ்சும். இதற்கிடையில் இரண்டாவது பாதையின் பம்பு அந்தக் கலவையை இடைவிடாமல் குழந்தைகளின் மேல் பீச்சிக்கொண்டிருக்கும். கருவியைப் பீச்சுமுனைப் பாதையில் வைத்தால், மேலே வரும் ஒவ்வொரு துளியும் கதிரைக் கடந்தே வர வேண்டும். கிரிப்டோஸ்போரிடியத்தில் 99.9 விழுக்காட்டைச் செயலிழக்கச் செய்யச் சதுர சென்டிமீட்டருக்கு 12 மில்லிஜூல் கதிரளவு போதும். குளோரினுக்குப் பத்து நாட்கள் பிடிக்கும் வேலையைக் கதிர் நொடிகளில் முடிக்கிறது. விளக்கு அணைந்தாலோ கதிரின் வலிமை குறைந்தாலோ பம்பு தானாக நிற்கும்படி இணைப்பு இருப்பதும் கட்டாயம். கதிருக்கு நீரில் தங்கி நிற்கும் ஆற்றல் இல்லாததால் குளோரினும் கூடவே வேண்டும்.

இரண்டாவதாக, வேதிப்பொருள் செலுத்தும் பம்பு. மின்தடையாலோ அடைப்பாலோ சுழற்சி நின்ற பிறகும் குளோரின் பம்பும் அமிலப் பம்பும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் குழாய்க்குள் செறிவாகச் சேர்ந்துவிடும். மீண்டும் சுழற்சி தொடங்கும்போது பீச்சுமுனை வழியே குளோரின் வாயு குழந்தைகளின் முகத்தில் வெளிப்படும். நீரோட்டம் நின்றால் வேதிப்பொருள் பம்புகளும் நிற்கும் மின்பூட்டு இல்லாத எந்த அமைப்பையும் வாங்கக் கூடாது. குளோரினையும் அமிலத்தையும் ஒரே அறையில் அருகருகே அடுக்கி வைக்கும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆள். கருவிகள் எல்லாம் இருந்தாலும் அவற்றை நம்பலாமா என்று தினமும் சரிபார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குப் பயிற்சி வேண்டும். ஒரு சிறு எடுத்துக்காட்டு: குளோரினைச் சோதிக்க நீர் மாதிரியில் டிபிடி என்ற நிறங்காட்டி மாத்திரையைக் கரைப்பார்கள், இளஞ்சிவப்பு நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். ஆனால் குளோரின் அளவுக்கு மிஞ்சி இருந்தால் அது அந்த நிறத்தையே வெளுத்துவிடும். மாதிரி நிறமற்றுத் தெரியும். பயிற்சி இல்லாதவர் அதைக் குளோரினே இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலும் கொட்டுவார். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் அப்படித்தான். பிஎச் 7.2 இல் குளோரினின் மூன்றில் இரண்டு பங்கு கிருமியைத் திறம்படக் கொல்லும் வடிவில் இருக்கும். 8க்கு ஏறினால் அது நான்கில் ஒரு பங்கையும் எட்டாது. அளவுகோல் ‘போதிய குளோரின்’ என்று காட்டும்போதே நீர் ஆபத்தானதாக இருக்க முடியும்.

சோதனையைச் செய்து எழுதி வைப்பது அலுவலகச் சடங்கு அல்ல. 2021இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில், பொதுத் திடலில் விளையாடிய ஒரு குழந்தை நேக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறியதால் உயிரிழந்தது. இந்த அமீபாவைக் குளோரின் கட்டுப்படுத்தும். ஆனால் அக்குழந்தை அங்கு சென்ற மூன்று நாட்களில் இரண்டு நாட்களுக்குக் குளோரின் அளவே பதிவேட்டில் இல்லை என்பதை நகர நிர்வாகமே பின்னர் வெளிப்படுத்தியது. இத்தகைய மரணம் மிக அரிது என்பது உண்மை. தடுத்திருக்கக்கூடியது என்பதும் உண்மை.

ஒருமுறை ஓட்டம்

இம்முறையில் குடிநீர்த் தரமுள்ள நீர் ஒரே ஒரு முறை பீச்சப்பட்டு வடிகாலுக்குப் போய்விடுகிறது. ஒரு குழந்தையின் உடலைக் கழுவிய நீர் இன்னொரு குழந்தையின் வாய்க்குத் திரும்பி வரும் வழி அடைபட்டுவிடுவதால், மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பகுதி எழவே இடமில்லை. தொட்டி, வடிகட்டி, வேதிப்பொருள் அறை, கதிர்க் கருவி எதுவும் வேண்டியதில்லை. வயிற்றுப்போக்குள்ள குழந்தை திடலை அசுத்தமாக்கிவிட்டால் என்ன செய்வது என்ற ஒரு கேள்வியே இரு முறைகளின் வேறுபாட்டையும் காட்டிவிடும். சுழற்சி முறையில் திடலை மூடி, நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளோரினைப் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் நிறுத்தி, பின் அளவைக் குறைத்துச் சோதித்துத் திறக்க வேண்டும். ஒருமுறை ஓட்டத்தில் அசுத்தத்தை அகற்றி, தரையைக் கிருமிநாசினியால் கழுவி, அலசிவிட்டால் அன்றே திறக்கலாம். முதல் வேலையைச் செய்யாமல் விடத் தூண்டும் காரணங்கள் ஏராளம். இரண்டாவதை யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

ஆயினும் இதுவும் தானாகவே பாதுகாப்பாகிவிடாது. தரைமட்டத்தில் இருக்கும் முனைகள் குடிநீர்க் குழாயோடு நேரடியாக இணைந்துள்ளன. வடிகால் அடைத்து நீர் தேங்கிய நேரத்தில் குழாயில் அழுத்தம் திடீரெனக் குறைந்தால், அந்த அழுக்கு நீரை முனை உள்ளே உறிஞ்சிக் குடிநீர்க் கட்டமைப்புக்கே அனுப்பிவிடும். எனவே பின்னோட்டத் தடுப்புக் கருவியோ, இடையில் காற்றிடைவெளி விட்ட தொட்டியோ இல்லாமல் இணைப்புக் கொடுக்கக் கூடாது. அக்கருவியை ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதிக்கவும் வேண்டும். பகல் வெயிலில் சூடேறி இரவு முழுவதும் குழாயிலேயே நின்ற நீரில் குளோரின் தீர்ந்து, நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் வளர இடமுண்டு. துளியாகச் சிதறும்போது அது மூச்சோடு உள்ளே போகும். ஆகவே காலையில் குழந்தைகளை விடுவதற்கு முன் எல்லா முனைகளையும் சில நிமிடங்கள் திறந்து பழைய நீரை வெளியேற்றுவது அன்றாட வேலையாக இருக்க வேண்டும். நீர் நேரடியாக வராமல் இடைத்தொட்டியில் சேமித்துப் பீச்சப்பட்டால், அந்தத் தொட்டியின் தூய்மையும் குளோரின் அளவும் தனிப் பொறுப்பாகின்றன. சுத்திகரிக்காத கிணற்று நீரையோ ஏரி நீரையோ இம்முறையில் பயன்படுத்துவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நீர்ச் செலவைக் குறைக்க எளிய வழிகள் உண்டு. குழந்தை பொத்தானை அழுத்தினால் மட்டும் சில நிமிடங்கள் ஓடுவது, எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் ஓடாமல் மாறி மாறி ஓடுவது, கனத்த வாளிகளுக்கும் பீரங்கிகளுக்கும் பதிலாக மெல்லிய தூவல் முனைகளைத் தேர்வது ஆகியவையே அவை. எந்த நேரத்திலும் மூன்றில் ஒரு பங்கு முனைகள் மட்டும் ஓடினால் முன்பு சொன்ன 1,44,000 லிட்டர் 48,000 ஆகும். ஆளில்லாத பாதி நேரம் நின்றுவிட்டால் 24,000. குழந்தைகளுக்கு இதனால் மகிழ்ச்சி குறைவதில்லை. அடுத்து எந்த முனை பீச்சும் என்று காத்திருப்பதே அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

தோட்டத்துக்குத் திருப்பும் முறை

மூன்றாவது வழி ஒருமுறை ஓட்டத்தின் நீட்சியே. பீச்சிய நீரைச் சாக்கடைக்கு விடாமல் மரங்களுக்கும் புல்வெளிக்கும் பாய்ச்சுவது. அருகில் நீரை ஏற்கும் மண்ணும் பரப்பும் இருந்தால், என் மதிப்பீட்டில் மூன்றிலும் இதுவே சிறந்தது. நீர் வீணாகவில்லை, குழந்தையின் வாய்க்கும் திரும்புவதில்லை. ஆனால் இந்த நீர் இப்போது குளித்த நீருக்குச் சமமானது என்பதை மறக்கக் கூடாது. அதைத் தூவல் முறையில் தெளித்தால் கிருமிகள் மீண்டும் காற்றில் கலக்கும்; சொட்டுநீராகவோ மண்ணுக்கடியிலோ விட வேண்டும். ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைத்தால் நாற்றமும் கொசுவும் வரும். அந்தக் குழாய்களுக்குத் தனி நிறமிட்டு, குடிநீர்க் குழாயோடு எங்கும் இணையாதபடி பிரித்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மண் நீரை ஏற்காதபோது சாக்கடைக்குத் திருப்பிவிட ஒரு வால்வும் வேண்டும்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் பொதுவானவை சில உள்ளன. தரை வெறுங்கால் நனைந்த நிலையில் வழுக்காததாக இருக்க வேண்டும். ஜெர்மானியத் தரமான டிஐஎன் 51097 இதற்கெனவே தரைகளை வகைப்படுத்துகிறது. வடிகால் கம்பி வலைகளில் 8 மில்லிமீட்டருக்கு மேலும் 25 மில்லிமீட்டருக்குக் கீழும் உள்ள இடைவெளிகள் சிறு விரல்களைப் பிடித்துக்கொள்ளும். நீர் எங்கும் குட்டையாக நிற்காதபடி சரிவு வேண்டும். தரை முனைகளின் விசை கண்ணைக் காயப்படுத்தாத அளவில் இருக்க வேண்டும். நிலத்தடித் தொட்டி இருந்தால் அதன் மூடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். மூழ்கும் ஆபத்தே இல்லை என்று நம்பப்படும் இடத்தில் அந்த ஆபத்து ஒளிந்திருப்பது அங்கேதான். கழிப்பறையும் டயப்பர் மாற்றும் மேசையும் சில அடி தொலைவிலேயே இருந்தால் பெற்றோர் பயன்படுத்துவார்கள், தொலைவில் இருந்தால் திடலின் ஓரத்திலேயே மாற்றுவார்கள். வயிற்றுப்போக்குள்ள குழந்தையை அழைத்து வரக் கூடாது, கிரிப்டோஸ்போரிடியம் தொற்றியிருந்தால் வயிற்றுப்போக்கு நின்ற பின்னும் இரண்டு வாரங்கள் வரக் கூடாது, நீரை விழுங்கக் கூடாது என்பவை நுழைவாயிலிலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முறை

குழு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு பணம் இருக்கிறது என்பதல்ல. திறப்பு விழா முடிந்து மூன்றாவது ஆண்டில், ஒரு விடுமுறை நாளின் காலையில், குளோரினையும் பிஎச் அளவையும் சோதித்து, தவறாக இருந்தால் கூட்டம் காத்திருந்தாலும் திடலைத் திறக்க மறுக்கும் அதிகாரமுள்ள பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருப்பாரா என்பதே. அவர் விடுப்பில் போனால் இரண்டாமவர் இருப்பாரா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டுக்கும் ‘ஆம்’ என்று உறுதியாகச் சொல்ல முடிகிற, நீர்ப் பற்றாக்குறை உள்ள, நாள்தோறும் பெருங்கூட்டம் வரும் பெரிய திடலுக்குச் சுழற்சி முறை பொருந்தும். பீச்சுமுனைப் பாதையில் புற ஊதாக் கதிர், தானியங்கிக் குளோரின் கட்டுப்பாடு, இரவிலும் நிற்காத சுழற்சி, வேதிப்பொருள் பம்புக்கு மின்பூட்டு ஆகிய நான்கும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். விலையைக் குறைப்பதற்காக இவற்றில் ஒன்றை நீக்கலாம் என்று விற்பவர் சொன்னால், அந்த விலைக்குச் சுழற்சி முறை கட்டுப்படியாகாது என்றே பொருள்.

அந்த ஆளை உறுதிசெய்ய முடியாத சிறு பூங்காவுக்கு, பொத்தான் வைத்த ஒருமுறை ஓட்டமே சரியான தேர்வு. நிலம் இருந்தால் தோட்டத்துக்குத் திருப்புவது அதனினும் நல்லது. நீரும் இல்லை, ஆளும் இல்லை என்றால் நிழலும் மணலும் ஊஞ்சலும் உள்ள உலர்ந்த விளையாட்டிடத்தை நன்றாக அமைப்பதில் குறையேதும் இல்லை. மலிவான சுழற்சி அமைப்பு அங்கே நடுவழித் தீர்வு போலத் தோன்றலாம். மேலே விவரித்த மூன்று நோய்ப் பரவல்களும் சுழற்சி அமைப்புகளில்தான் நிகழ்ந்தன.

புற ஊதாக் கதிர் இல்லாத பழைய சுழற்சித் திடலை ஏற்கெனவே நடத்துகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன: பீச்சுமுனைப் பாதையில் கருவியைப் பொருத்துவது, அல்லது தொட்டியைத் துண்டித்துவிட்டு ஒருமுறை ஓட்டமாக மாற்றுவது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் பின்னோட்டத் தடுப்பும், வடிகாலைத் திருப்புவதும், பொத்தானும்தான் தேவைப்படும். எதைச் செய்வதென்று குழு முடிவெடுக்கும்வரை, ஒவ்வொரு நாளும் திறப்பதற்கு முன்பும் இயங்கும் நேரத்தில் சில மணிக்கொருமுறையும் எடுத்த அளவுகளைப் பதிவேட்டில் மட்டுமல்லாமல் நுழைவாயில் பலகையிலும் எழுதிவிடலாம். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் நாளில் திடலைத் திறக்காமல் விடலாம்.